வீட்டாருக்கு ஸ்வெட்டர் பின்னித் தருவது: ஊசியை எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: "எனக்கு மஃப்ளரும் குல்லாவும் பின்னத் தெரியும். இந்தக் குளிர்காலத்துக்குள் வீட்டில் நான்கு பேருக்கு என் கையால் ஸ்வெட்டர் பின்னித் தர ஆசை. கோத்தகிரியில் இருக்கும் அப்பா, அம்மா, டொரொண்டோவில் இருக்கும் அண்ணன், நவம்பரில் தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தை. தங்கை பிரசவத்துக்குக் கோத்தகிரிக்குத்தான் வருகிறாள். எந்த நூல் வாங்குவது, எப்படி அளவெடுப்பது, எதிலிருந்து தொடங்குவது?"

நால்வர் என்பதை இந்த ஆண்டு இருவர் என்று குறைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுடையதும் அண்ணனுடையதும் அடுத்த ஆண்டு. மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆணுக்கு, நடுத்தர நூலில் பின்னினால், உடம்புப் பகுதியில் அக்குள் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ 25,000 கண்ணிகள் வரும். தோளும் இரண்டு கைகளும் அதற்கு மேல். மஃப்ளர் பின்னும் வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு ஸ்வெட்டர் இரண்டு மாதத்தை எளிதாக விழுங்கிவிடும். டிசம்பரில் அவசரமாகப் பின்னிய கை எப்போதும் இறுகியிருக்கும், அதைப் போட்டுக்கொள்பவர்தான் அந்த இறுக்கத்தைச் சுமக்க வேண்டும்.

பரிசாகத் தரும் ஸ்வெட்டரில் பாதி வேலை ஊசியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். யார் போடப்போகிறார், எந்தக் குளிரில் போடப்போகிறார், அதை யார் எப்படித் துவைக்கப்போகிறார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் நூலும் டிசைனும் தானாகவே முடிவாகிவிடும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான ஒரு டிசைனைப் பார்த்து மயங்கி அதைப் பின்னிவிட்டு, பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறார்கள். அப்படிப் பின்னியவைதான் பீரோவில் மடித்தபடியே கிடக்கின்றன. உங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் சிறியது, உங்களுக்கு முதல் ஸ்வெட்டராக அமையத் தகுந்ததும் அதுதான். 100 முதல் 150 கிராம் நூல் போதும். நவம்பரில் பிறந்து கோத்தகிரிக் குளிரில் வளரும் குழந்தை என்பதால் உடனே தேவைப்படும். ஆனாலும் பிறந்த குழந்தையின் அளவுக்குப் பின்னாதீர்கள். பிறந்த அளவு சில வாரங்களில் சிறிதாகிவிடும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கான அளவில் பின்னி, முதல் வாரங்களில் கைமுனையை மடித்துவிட்டால் பனிக்காலம் முழுவதும் வரும். பச்சிளம் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். முன்புறம் முழுதாகத் திறக்கும்படி பின்னுங்கள், படுக்கவைத்தபடியே போட்டுவிடலாம்.

கழுத்தில் கட்டும் நாடா, தொங்கும் குஞ்சம் எதுவும் கூடாது. கழுத்தில் இறுக்கும், வாயில் போகும். பட்டன் வைத்தால் பின்னல் நூலால் தைக்காமல் வலுவான தையல் நூலால் தையுங்கள், கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் விட்ட பூப்பின்னல் பார்க்க அழகு, ஆனால் பிஞ்சு விரல் அதில் மாட்டிக்கொள்ளும். நெருக்கமான சாதாரணப் பின்னலே போதும். மொகேர் போல ரோமம் உதிரும் நூலைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். உள்ளே எப்போதும் ஒரு பருத்திச் சட்டை இருக்கட்டும். தூங்கும்போது அதிகமாகப் போர்த்தி உடம்பைச் சூடாக்குவதும் ஆபத்து என்பதைத் தங்கையிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. கம்பளித் துணிகளை எடுத்துவைக்கும்போது நம் வீடுகளில் பூச்சி உருண்டை போடுவது வழக்கம். அது பெரும்பாலும் நாப்தலீன் என்ற வேதிப்பொருள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால், அந்த வாடையை முகர்ந்தாலே கூட, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்திருக்காது. எனவே குழந்தைக்குப் பின்னியதை அந்த உருண்டை இருக்கும் பீரோவில் வைக்கவே வேண்டாம். நன்றாகத் துவைத்து உலர்த்தி, இறுக மூடும் ஒரு பையில் வைத்தால் போதும்.

பிறப்பதற்கு முன்பே புதுத்துணி சேர்க்கக் கூடாது என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பிறந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றுவதுதான் பல வீடுகளில் முறை. உங்கள் அம்மாவும் அப்படி நினைப்பவராக இருந்தால் பின்னியதை உங்கள் வீட்டிலேயே வைத்திருந்து, தொட்டிலில் போடும் அன்று கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய மனத்தையும் மதித்ததாகும், குழந்தையின் நீளத்தைப் பார்த்துக் கையைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ நேரமும் கிடைக்கும்.

அப்பாவுக்கு வருவோம். மலையில் வாழும் வயதானவருக்கு ஸ்வெட்டர் என்பது அலங்காரம் அல்ல, விடிந்ததிலிருந்து படுக்கும் வரை உடம்பில் இருக்கும் பொருள். அதனால் அவர் கையைத் தூக்குவதைக் கவனியுங்கள். தோள்வலி உள்ளவர் என்றால் தலைவழி மாட்டும் ஸ்வெட்டரை ஒருவர் உதவியில்லாமல் கழற்ற முடியாது. முன்புறம் திறப்பதாக இருக்கட்டும். விரல் மூட்டுகளில் வலி இருந்தால் சிறிய பட்டன்கள் அவருக்குத் தினசரித் தொல்லை. பெரிய பட்டன்களாக ஐந்தே போதும், ஜிப் வைத்தால் இன்னும் நல்லது. வேட்டி கட்டுபவருக்குப் பையில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆழமான பைகள் வைத்துப் பின்னினால் மூக்குக்கண்ணாடியும் கைபேசியும் சில்லறையும் அதில்தான் வாழும். அந்தப் பைகளுக்காகவே அவர் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்.

முதுகு சற்றுக் கூனிய உடம்பானால் வழக்கமான அளவில் பின்னிய ஸ்வெட்டர் பின்னால் மேலேறி, முன்னால் தொங்கும். இடுப்பு குளிரில் கிடக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பின்கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவில், முழு வரிசை போகாமல் பாதியிலேயே திரும்பி வரும் வரிசை ஜோடிகளாக நான்கைந்து சேர்த்துப் பின்னுங்கள். பின்பக்கம் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடும். கடையில் வாங்கும் எந்த ஸ்வெட்டரிலும் இது கிடைக்காது. கையால் பின்னுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அளவெடுப்பதற்கு டேப்பை அவர் உடம்பில் சுற்ற வேண்டியதில்லை. வயதானவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அளவு பொய்யாகும். அவர் விரும்பிப் போடும் பழைய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து மேசையில் இழுக்காமல் விரியுங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரட்டியுங்கள், அதுதான் சுற்றளவு. பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாகக் கைமுனை வரை ஓர் அளவு. அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை ஓர் அளவு. இந்த மூன்றும் போதும். பழைய ஸ்வெட்டர் இல்லையென்றால் மட்டும் மார்பை அளந்து, சட்டைக்கு மேல் போடுவதற்காக 8 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

அம்மாவுடையது அடுத்த ஆண்டு என்றாலும் இப்போதே யோசித்து வைக்க வேண்டியது, ஏனென்றால் புடவைக்கு மேல் போடும் ஸ்வெட்டருக்கு மேல்நாட்டு டிசைன்கள் எதுவும் அப்படியே உதவாது. புடவையில் இடது தோளில் முந்தானை மடிப்பு, இடுப்பில் கொசுவத்தின் புடைப்பு. இடுப்பைப் பிடிக்கும் ரிப் பார்டர் வைத்தால் கொசுவத்தின் மேல் சுருண்டு மேலேறும். கீழ்விளிம்பை ரிப் இல்லாமல், சுருளாத மேடுபள்ளப் பின்னலாக, அதாவது எல்லா வரிசையும் ஒரே நிட்டாக, முடியுங்கள். நீளம் இடுப்பெலும்போடு நிற்கட்டும். முந்தானையை ஸ்வெட்டருக்கு உள்ளே விடுவாரா, வெளியே எடுத்துப் போர்த்துவாரா என்று பாருங்கள். உள்ளே விடுபவர் என்றால் மார்பில் கூடுதலாக நான்கைந்து சென்டிமீட்டர் தேவை. கழுத்து தாலிச்சரடு மாட்டாதபடி சற்று இறங்கிய வி வடிவமாக இருக்கட்டும். நிறத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும் ஒரு நிறத்தை அவரே சொல்வார், அது பெரும்பாலும் நீங்கள் நினைத்த நிறமாக இருக்காது.

அண்ணன் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கனடா என்றதும் கனமான நூலில், முறுக்குக் கயிறு போன்ற கேபிள் டிசைனில் பின்னத் தோன்றும். ஆனால் அங்கே வீடும் அலுவலகமும் பஸ்ஸும் வெப்பமூட்டியவை. வெளியே போகும்போது மேலே தடித்த ஜாக்கெட். கனமான ஸ்வெட்டரை உள்ளே போட்டால் வியர்க்கும், ஜாக்கெட்டுக்குள் கை நுழையாது. ஆண்டில் சில நாள்களுக்குத்தான் அது வெளியே வரும். மெல்லிய 4 ப்ளை நூலில் பின்னிய, சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய ஸ்வெட்டர்தான் அவருக்குப் பயன்படும். வேலை கூடுதல்தான். மெல்லிய நூல் என்றால் கண்ணிகள் அதிகம். அதனால்தான் அவரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொன்னேன்.

கேபிளைப் பற்றிப் பேசியதால் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரிசு ஸ்வெட்டர் என்றாலே யாராவது இதைச் சொல்வார்கள். அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி டிசைன் உண்டு என்றும், கடலில் மூழ்கிய மீனவனை அவன் ஸ்வெட்டர் டிசைனைக் கொண்டே அடையாளம் கண்டார்கள் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதி 1904-இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தில் மூழ்கியவனின் காலுறையைப் பார்த்து அவன் தங்கை அடையாளம் காண்கிறாள். அந்தக் காட்சியிலிருந்து இந்த நம்பிக்கை வளர்ந்திருக்கலாம். ஆனால் அங்கே அவள் அடையாளம் காண்பது குடும்ப டிசைனை அல்ல. அந்தக் காலுறையைப் பின்னியவள் அவளே. எத்தனை கண்ணி போட்டோம், எத்தனை கண்ணி விட்டுப்போயிற்று என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்குக் கட்டுக்கதையைவிட இந்த உண்மையான காட்சிதான் பெரிதாகத் தோன்றுகிறது. அண்ணன் கேபிள்தான் வேண்டும் என்றால் நடு மார்பில் ஒரே ஒரு கயிறு போட்டுக்கொடுங்கள். கேபிள் துணியைக் குறுக்கும், நூலையும் கூடுதலாகக் குடிக்கும். அதற்குத் தக்கபடி கண்ணிகளையும் நூலையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நூலுக்கு வருவோம். நம் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். மலையூரில் வாங்கினால் கம்பளியாக இருக்கும் என்று நினைப்பதும் தவறு. நீலகிரியில் மென்மையான ரோமம் தரும் நீலகிரிச் செம்மறி என்ற தனி இனமே உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆடுகள் மிகக் குறைவு. ஊட்டிக் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி லூதியானா போன்ற ஊர்களிலிருந்து இறங்கும் எந்திரப் பின்னல்.

சந்தேகமிருந்தால் லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி ஒழுகி, ஆறியதும் நசுக்க முடியாத கரும்மணியாக இறுகும். இந்தச் சோதனையைச் செய்தவர்கள் விறகடுப்புக்கு முன்னாலும் கணப்புக்கு முன்னாலும் உட்காரும் பெரியவர்களுக்கு அக்ரிலிக் ஏன் கூடாது என்பதைத் தாங்களே புரிந்துகொள்வார்கள். உருகிய அக்ரிலிக் தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குக் கம்பளிதான்.

அதற்காக அக்ரிலிக்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தை ஸ்வெட்டருக்கு, நெருப்பின் அருகே போகாத வரை, நல்ல மென்மையான அக்ரிலிக் நியாயமான தேர்வு. வாஷிங் மெஷினைத் தாங்கும், விலையும் குறைவு. கம்பளியின் சிறப்பு வேறு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மூடுபனியில் நடந்துவிட்டு வருபவருக்கு இந்தக் குணம் அருமையானது. "கம்பளி குத்தும்" என்று அப்பா சொன்னால் அது பிடிவாதம் அல்ல. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள் தோலில் வளையாமல் குத்தும். மெரினோ என்ற செம்மறி இனத்தின் இழை அதைவிட மிக மெல்லியது, அதனால் குத்தாது. விலை உறுத்தினால் கழுத்துப் பட்டைக்கும் கைமுனைக்கும் மட்டும் மெரினோ வாங்கி, மற்ற இடங்களில் சாதாரணக் கம்பளியைப் போடலாம். தோலில் படுவது அந்த இடங்கள்தானே.

நடுத்தர நூலில் அப்பாவின் அளவுக்கு 500 முதல் 600 கிராம் வேண்டும். ஒரே தடவையில், ஒரே லாட் எண் உள்ளதாக வாங்குங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அதே நிறத்தில் வேறு சாயத் தொகுதி வரும். கடையில் தெரியாத வித்தியாசம் வெயிலில் முதுகுக்கும் கைக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். ஓர் உருண்டை அதிகமாகவே வாங்குங்கள், பின்னால் முழங்கை ஒட்டுக்கு உதவும்.

ஊசி வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் ஊரில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அதில் 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க டிசைன்களில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

இனி மாதிரித் துண்டு. மஃப்ளருக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ள வேறுபாடே இங்கேதான். மஃப்ளர் நான்கு விரல் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஸ்வெட்டரில் அப்படி விட முடியாது. அப்பாவின் ஸ்வெட்டர் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிசைனில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது, 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை சற்றுத் தளர்ந்த கை, 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டராக வந்து நிற்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாக இருக்கும். இறுக்கமான கை, 24 விழுகிறது என்றால் 92 சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடும், பட்டன் போட முடியாது. இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம் செய்யும் வேலை இது.

ஆகவே 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். ஊசியிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பார்களோ அப்படியே அந்தத் துண்டையும் துவைத்து, தட்டையாகப் போட்டு உலர்த்தி, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகள் பொய் சொல்லும், அவற்றை விட்டுவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடலாம் என்று விற்கும் கம்பளிக்கு இது இன்னும் முக்கியம். அதில் இழையின் செதில்களை மழுக்கியோ பூச்சுப் பூசியோ இருப்பார்கள், அதனால் சுருங்காது. ஆனால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் செய்யாததால் நனைந்தால் நீண்டு தொங்கும். மெஷினில்தான் துவைப்பார் என்பதால் அண்ணனுக்கு அந்த நூல்தான் வாங்க வேண்டியிருக்கும், எனவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணி கூடுதலாக விழுந்தால் அரை மில்லிமீட்டர் தடித்த ஊசி, குறைவாக விழுந்தால் அரை மில்லிமீட்டர் மெல்லிய ஊசி. கையை மாற்ற முயலாதீர்கள், அலுத்த கை பழைய இறுக்கத்துக்கே திரும்பிவிடும்.

அளவு கைவந்துவிட்டால் டிசைன் புத்தகமே தேவையில்லை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) ஒரு விகிதக் கணக்கைப் பரப்பினார், உலகெங்கும் கைப்பின்னல்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். உடம்பின் கண்ணிகளை நூறு என்று கொண்டால் மணிக்கட்டு இருபது, கையின் மேல்பகுதி முப்பத்துமூன்று, அக்குளில் நிறுத்திவைப்பது எட்டு, கழுத்து நாற்பது. நம் 220-க்கு மணிக்கட்டு 44, மேல்கை 73, அக்குள் 18, கழுத்து 88. சதை பிடித்த கைக்கு இரண்டு மூன்று சதவீதம் கூட்டலாம். ஒரு மனித உடம்பை ஐந்து எண்களில் அடக்கிய இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

முதல் பெரிய ஸ்வெட்டரை வட்ட ஊசியில், கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள். கையும் உடம்பும் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோட்டில் சேரும் ராக்லன் முறையைச் சொல்கிறேன். மேலிருந்து இறங்குவதில் பெரிய வசதி, பாதியிலேயே போட்டுப் பார்க்கலாம் என்பது. அக்குளைத் தாண்டியதும் கண்ணிகளை ஒரு நூலில் கோத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போய் அப்பாவின் தோளில் போட்டுப் பாருங்கள். நீளத்தை அவரே காட்டுவார். குழந்தைகளுக்கு இதே முறையில் பின்னினால் அடுத்த ஆண்டு கைமுனையைப் பிரித்து நீளம் கூட்டவும் முடியும். கழுத்தில் கண்ணி ஏற்றும்போதும், முடியும் இடங்களில் கண்ணிகளை அடைக்கும்போதும் தடித்த ஊசியால் தளர்வாகச் செய்யுங்கள்.

பின்னி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான திரவ சோப்பு கலந்து ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாயில் தட்டையாக விரித்து, நீங்கள் எடுத்த அளவுக்கு இழுத்துப் பொருத்தி உலரவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். என்சைம் சேர்த்த துணிப்பொடி கம்பளிக்கு ஆகாது. கறையில் உள்ள புரதத்தைக் கரைக்கும் என்சைம் அதில் இருக்கும், கம்பளியும் புரதம்தான். இதைக் கொடுக்கும்போது சின்ன அட்டையில் எழுதி, கொஞ்சம் நூலும் ஒரு பட்டனும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். அண்ணனுக்கு எழுதும் அட்டையில் "டிரையரில் போடாதே" என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

கடைசியாக, கொடுப்பது பற்றி. திடீரென்று கொடுத்து வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் ஸ்வெட்டரில் அதை நான் ஆதரிக்க மாட்டேன். நிறம், கழுத்து, பட்டனா ஜிப்பா என்பதைக் கேட்டுவிட்டுப் பின்னுங்கள். மாதக்கணக்கில் உங்கள் கையில் வளர்வதை அவர்கள் பார்ப்பதும் பரிசின் ஒரு பகுதிதான். விலையையும் உழைப்பையும் அவர்களிடம் சொல்லாதீர்கள், சொன்னால் பத்திரப்படுத்துகிறேன் என்று மடித்து வைத்துவிடுவார்கள். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம், கிழிந்தால் நான் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்படியும் ஒருவர் போடவில்லை என்றால் மனம் நோகாமல் காரணத்தைக் கேளுங்கள். கை நீளம், கழுத்து இறுக்கம், குத்துகிறது என்று பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். முடியாவிட்டால் பிரித்துவிடலாம். அண்ணனுக்குச் சிறிதான ஸ்வெட்டர் தம்பிக்கு உருமாறியதும், இரண்டு பழையவை சேர்ந்து கோடுபோட்ட புதியதாக ஆனதும் ஒரு காலத்தில் மலையூர் வீடுகளில் சாதாரணம். தையலைப் பிரித்து, முடிந்த முனையிலிருந்து நூலை உருவி, நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். உலர்ந்ததும் எடை போட்டு, யாருடைய அளவுக்குப் போதும் என்று பாருங்கள். பிரித்த நூல் பழைய தடிமனில் இராது, எனவே அதற்கும் ஒரு மாதிரித் துண்டு பின்னித் துவைத்து அளந்த பிறகே கண்ணி ஏற்றுங்கள்.